பெயரும் எண்ணிக்கையும்: சார்காய்டோசிஸ் நோயின் பரவலும் வளர்சிதைமாற்ற நோய்களோடு அதற்குள்ள உறவும்



மருத்துவத் துறையிலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு அதைத் தமிழில் விளக்குக என்பது மன்றத்தார் நமக்கு இட்ட பணி. நீரிழிவு, மாரடைப்பு, இரத்தக் கொதிப்பு ஆகியவற்றைப் பற்றி நாளேடுகளும் வானொலியும் ஓயாமல் எடுத்துரைக்கின்றன. ஆகவே, இங்கு அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் ஒருமுறையேனும் செவியுற்றிராத ஒரு நோயைத் தேர்ந்துகொண்டோம். அதன் பெயர் சார்காய்டோசிஸ். அரிய நோய் என்று நூல்கள் கூறும். எவ்வளவு அரிது, யாருக்கு அரிது என்று கேட்கத் தொடங்கினால் விடை அவ்வளவு எளிதாக இல்லை. அந்தக் கேள்வியை ஒட்டியே இவ்வுரை செல்லும்.

மொழி மன்றத்து மேடை என்பதால் பெயரிலிருந்து தொடங்குவோம். கிரேக்க மொழியில் 'சார்க்ஸ்' என்றால் தசை. 1899ஆம் ஆண்டில் நார்வே நாட்டுத் தோல் மருத்துவர் சீசர் போக், தம் நோயாளி ஒருவரின் தோல் தடிப்பை நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதிலிருந்த அணுக்கள் சார்கோமா என்னும் புற்றுநோயின் அணுக்களைப் போலத் தோற்றமளிக்கக் கண்டார். ஆயினும் அது தீங்கற்றதாக இருந்தது. 'சார்கோமாவைப் போன்றது' என்னும் பொருளில் அவர் இட்ட பெயரே நிலைத்துவிட்டது. அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1869இல், லண்டனில் ஜொனாதன் ஹட்சின்சன் கைகால்களில் ஊதாநிறத் தடிப்புகளோடு வந்த ஒரு நிலக்கரித்துறைத் தொழிலாளியைக் கண்டு குறிப்பெழுதியிருந்தார். தோலில் காண்பதும் நுரையீரலில் காண்பதும் நிணநீர்க் கணுக்களில் காண்பதும் ஒரே நோய்தான் என்பதைத் தெளிவுபடுத்தியவர் சுவீடனின் யோர்கன் ஷௌமன். எனவே, இந்நோயின் பெயர் அது எதைப் போலத் தோன்றுகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, அது எது என்பதைச் சொல்வதில்லை. இதைத் 'தசைபோலி நோய்' என்று தமிழாக்கினால் அந்தப் பிழையையும் சேர்த்தே நாம் இறக்குமதி செய்தவராவோம். பெயரைப் பெயராகவே வைத்துக்கொள்வது நலம்.

இன்னொரு சொல்லையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். ஒரு நோய் எந்த மக்களிடம், எவ்வளவு, எக்காலத்தில் காணப்படுகிறது என்று ஆராயும் கலையைச் சில நூல்கள் 'கொள்ளைநோயியல்' என்று குறிக்கின்றன. வாந்திபேதிக்கும் பெரியம்மைக்கும் அச்சொல் பொருந்தும்; ஆண்டுக்கு இலட்சம் பேரில் ஒருவருக்கு வரும் நோய்க்கு அது நகைப்பாக இருக்கும். 'நோய்ப்பரவலியல்' என்பதையே நாம் ஆள்கிறோம். பரவல் என்றதும் தொற்று என்று கொள்ளாமல், மழை ஒரு நாட்டில் எங்கெங்கே எவ்வளவு பெய்தது என்பதைப் போன்ற பரவல் என்று கொள்ள வேண்டும்.

இனி நோய்க்கு வருவோம். உடலுக்குள் அகற்ற முடியாத ஏதோ ஒரு பொருள் நுழைந்தால், பெருவிழுங்கிகள் என்னும் காப்பணுக்கள் அதைச் சூழ்ந்து நின்று அணை கட்டும். அந்த அணையே குருணைக்கட்டி. மிகச் சிறியது, கண்ணுக்குத் தெரியாதது. காசநோயில் நடுவே கிருமி இருக்கும். கட்டியின் நடுப்பகுதி பாலாடைக்கட்டிபோல் சிதைந்திருக்கும். சார்காய்டோசிசில் அணை இருக்கிறது, எதிரியைத்தான் காணோம். நடுப்பகுதி பெரும்பாலும் சிதைவதில்லை. பத்தில் ஒன்பது பேருக்கு நுரையீரலிலோ மார்புக்கூட்டின் நிணநீர்க் கணுக்களிலோ இது தோன்றும். கண், தோல், ஈரல், நரம்பு, இதயம் என எங்கும் வரலாம். பாதிக்கு மேற்பட்டோர்க்குச் சில ஆண்டுகளில் தானே அடங்கிவிடும். ஒரு பகுதியினர்க்கு நாட்பட்டு நின்று நுரையீரலைத் தழும்பாக்கும். இதயத்தைத் தொட்டால் திடீர் மரணமும் நேரலாம்.

எங்களிடம் வந்த ஓர் அம்மையாரைப் பற்றிச் சொன்னால் பின்னர் கூறப்போகும் எண்கள் விளங்கும். பேராக் மாநிலத்தவர், ஐம்பதை நெருங்கும் வயது, வீட்டிலிருந்தே தையல் தொழில் செய்பவர். மூன்று மாத இருமல், இளைப்பு, மாலை வேளைக் களைப்பு. ஊடுகதிர்ப் படத்தில் இருபுறமும் கணுக்கள் வீங்கியிருந்தன. திசுவை எடுத்துப் பார்த்ததில் குருணைக்கட்டி. சளியில் கிருமி இல்லை. வளர்ப்புச் சோதனையிலும் வளரவில்லை. ஆயினும் வேறோரிடத்தில் காசநோய் என்று முடிவுகட்டி ஆறு மாதம் மருந்து கொடுத்தார்கள். அந்த ஆறு மாதமும் அவருடைய தட்டும் குவளையும் வீட்டில் தனியே வைக்கப்பட்டன. பேரக் குழந்தையைத் தூக்க விடவில்லை. மருந்து முடிந்தும் இருமல் தீராமல், கண்ணும் சிவந்து மங்கிய பிறகே எங்களிடம் அனுப்பப்பட்டார். நோயின் பெயரைச் சொன்னபோது அவர் கேட்ட முதற்கேள்வி, "டாக்டர், அப்படியானால் இது ஒட்டுகிற நோய் இல்லையா?" என்பதுதான். இல்லை என்றோம். அவர் நெடுநேரம் அழுதார்.

முதலில் பார்த்த மருத்துவரை நாம் குறைகூற வரவில்லை. மலேசியாவில் அண்மை ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 25,000 பேர்க்கு மேல் காசநோய் கண்டறியப்படுகிறது. இருமலும் இளைப்பும் குருணைக்கட்டியும் ஒருங்கே கண்டால் காசநோயை முதலில் நினைப்பதே முறை. அதை நினையாமல் விட்டு ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் உறங்கும் கிருமி விழித்துக்கொள்ளும். அந்தத் தவறு உயிரையே வாங்கும். ஆனால் எண்ணிக்கை என்ற கோணத்தில் பாருங்கள். காசநோய், 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின்படி அறிவிக்கப்பட வேண்டிய நோய். எனவே அந்த அம்மையார் காசநோய்க் கணக்கில் ஒன்றாகக் கூடினார். சார்காய்டோசிசுக்கு அத்தகைய ஏடு இங்கு இல்லை. அந்தக் கணக்கில் அவர் கூடவேயில்லை. இந்தியாவிலும் இதே கதைதான். அங்கு சார்காய்டோசிஸ் என்று உறுதியானோரில் கணிசமானோர் முன்னரே காசநோய் மருந்து உண்டவர்கள் என்பதை அங்குள்ள மருத்துவர்கள் பன்முறை எழுதியிருக்கிறார்கள். அரிது என்னும் சொல்லுக்குள் எவ்வளவு பேர் ஒளிந்திருக்கிறார்கள் என்பதை இதனின்று ஊகிக்கலாம்.

எண்ணத் தெரிந்த நாடு சுவீடன். அங்கு ஒவ்வொருவர்க்கும் பிறப்பு முதல் ஓர் அடையாள எண் உண்டு. மருத்துவமனைக்குச் சென்ற ஒவ்வொரு முறையும் தேசிய நோயாளர் பதிவேட்டில் அந்த எண்ணோடு பதியப்படும். 2003 முதல் 2012 வரையிலான பதிவுகளை ஆராய்ந்ததில், ஆண்டுதோறும் இலட்சம் பேரில் 11.5 பேர்க்குப் புதிதாக இந்நோய் காணப்படுவதாகவும், இலட்சம் பேரில் ஏறத்தாழ 160 பேர் இந்நோயோடு வாழ்வதாகவும் தெரிந்தது. ஆண்களுக்கு முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள்ளும், பெண்களுக்கு ஐம்பதை ஒட்டியும் அதற்குப் பின்னும் மிகுதி. தலைநகரை விட, மக்கள் நெருக்கம் குறைந்த வடபுற மாவட்டங்களிலேயே கூடுதல். ஏன் என்று இன்னும் விளங்கவில்லை. மறுகோடியில் ஜப்பான். 2004இல் அங்கு எடுத்த கணக்கில் இலட்சம் பேர்க்கு ஆண்டுக்கு ஒருவர் அளவே. பள்ளியிலும் பணியிடத்திலும் தவறாமல் மார்புப் படம் எடுக்கும் நாடு அது. தேடாததால் எண் குறைந்தது என்று அங்கே சொல்ல முடியாது. அங்கு நோய் மெய்யாகவே குறைவு. ஆனால் வந்தவர்களிடம் கண்ணும் இதயமும் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றன.

இந்த இரு எல்லைகளுக்கு நடுவே நாம் எங்கே நிற்கிறோம்? சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையைச் சார்ந்தோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, ஆண்டுக்கு இலட்சம் பேரில் 0.56 என்று மதிப்பிட்டது, ஜப்பானிலும் குறைவு. இத்தோடு நிறுத்திக்கொண்டால், தென்கிழக்காசியாவில் இது கவலைப்பட வேண்டிய நோயன்று என்று முடித்துவிடலாம். ஆனால் அதே ஆய்விலும், அதற்கு முன் கோலாலம்பூரில் பல்கலைக்கழக மருத்துவமனை நோயாளிகளைத் தொகுத்த ஆய்விலும் ஒரு செய்தி இருக்கிறது. மக்கள் தொகையில் இந்தியர்க்குள்ள பங்கைவிட நோயாளிகளில் அவர்களுடைய பங்கு கூடுதல் என்பதே அது. ஒரு நாட்டின் சராசரிக்குள் ஒரு சிறுபான்மையின் நோய் எளிதில் கரைந்துவிடும்.

லண்டனில் இதை வெளிப்படையாகவே கண்டனர். 1985இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அம்மாநகரின் ஒரு பகுதியில் வெள்ளையரிடையே இலட்சம் பேர்க்கு 1.5 ஆக இருந்த புதுநோயாளர் எண்ணிக்கை, கறுப்பினத்தாரிடையே 19.8, ஆசியரிடையே 16.8. பிரிட்டனில் ஆசியர் என்றால் பெரும்பாலும் இந்தியத் துணைக்கண்டத்தாரைக் குறிக்கும். இப்போது அமெரிக்கக் கணக்கை எடுத்துப் பாருங்கள். அங்கு 2016இல் வெளிவந்த பேராய்வு ஒன்றில் கறுப்பினத்தார் 17.8, வெள்ளையர் 8.1, ஆசியர் 3.2. அமெரிக்காவில் ஆசியர் என்னும் சொல் சீனர், பிலிப்பீனியர், கொரியர், ஜப்பானியர், இந்தியர் அனைவரையும் ஒரே கூடையில் போடுகிறது. ஒரு நாட்டில் ஆசியர் உயர்ந்த நிலையில், மற்றொரு நாட்டில் ஆசியர் கடைசியில்! லண்டன் ஆய்வு சிறியது, பழையது; அதன் எண்களை அப்படியே பிடித்துத் தொங்க வேண்டுவதில்லை. ஆனாலும் இந்த முரணில் பெரும்பகுதி அந்த ஒரு சொல்லால் விளைந்தது என்றே நாம் கருதுகிறோம். மொழியறிஞர்கள் இதைக் கேட்டால் வியக்கமாட்டார்கள்.

இனத்தை வைத்துப் பேசும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. தென்கிழக்கு அமெரிக்காவின் கறுப்பினத்தாரிடம் இந்நோய் மிகுதியாகவும் கடுமையாகவும் இருப்பதைப் போர்க்காலப் படைவீரர்களைச் சோதித்ததிலிருந்தே அறிவோம். அது குருதியாலா, வாழிடத்தாலா, வறுமையால் மருத்துவரைக் காலந்தாழ்த்திக் கண்டதாலா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. குடும்பவழி உண்மைதான். சுவீடனில் பெற்றோர், உடன்பிறந்தார், மக்கள் ஆகியோரில் ஒருவர்க்கு இருந்தால் மற்றவர்க்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றரை மடங்கு மிகுதி. டென்மார்க்கிலும் பின்லாந்திலும் இரட்டையரை ஆராய்ந்தபோது, ஒரே கருவில் பிரிந்த இரட்டையருள் ஒருவர்க்கு இருந்தால் மற்றவர்க்கு வரும் வாய்ப்பு பொதுமக்களைவிட எண்பது மடங்கு. இருகரு இரட்டையரிடம் ஏழு மடங்கு. அதேவேளை, சுவீடன் ஆய்வாளர்களே பிறப்புவழிப் பங்கை 39 விழுக்காடு என்றுதான் மதிப்பிட்டனர். எஞ்சியது வெளியிலிருந்து வருகிறது.

வெளியில் என்ன இருக்கிறது? இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே உள்ள மேன் தீவில் 1980களில் 96 நோயாளிகளை விசாரித்தார்கள். அவர்களுள் 40 விழுக்காட்டினர், தமக்கு நோய் வருமுன் இந்நோயுள்ள வேறொருவரோடு பழகியிருந்தனர். நோயற்றோரில் அவ்வாறு பழகியவர் ஒன்றிரண்டு விழுக்காடே. ஒட்டுகிற நோய் இல்லை என்று அந்த அம்மையாரிடம் நாம் சொன்னது சரிதானா என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். உடனிருந்து பணிவிடை செய்வோர்க்கு இது ஒட்டியதாக எங்கும் காட்டப்படவில்லை. ஒரே சூழலில் ஒரே தூசியையோ ஒரே நுண்ணுயிரையோ சுவாசித்தவர்கள் என்பதே பொருந்தும் விளக்கம். 2001 செப்டம்பரில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் சரிந்தபின் அந்தத் தூசியில் உழைத்த தீயணைப்புத் துறையினர்க்கு நேர்ந்ததும் இதையே உணர்த்துகிறது. முந்தைய பதினைந்து ஆண்டுகளில் அவர்களிடையே இலட்சத்துக்கு 15 என்றிருந்த அளவு, அடுத்த ஓராண்டில் 86 ஆயிற்று. அமெரிக்காவில் பத்து மையங்களில் எழுநூற்றுக்கு மேற்பட்ட நோயாளிகளையும் அதே எண்ணிக்கையில் நோயற்றோரையும் ஒப்பிட்டு நடத்திய பெரிய ஆய்வோ, பூஞ்சை நெடியுள்ள இடங்கள், பூச்சிமருந்து எனச் சிலவற்றைச் சுட்டியதே தவிர, இதுதான் காரணம் என்று ஒன்றைக் கூறவில்லை. புகைப்பவர்க்கு இந்நோய் குறைவு என்றும் அவ்வாய்வு கண்டது. அவையில் புகைக்கும் நண்பர்கள் இதை மட்டும் நினைவில் கொண்டு வீடு செல்ல வேண்டாம்.

இனி இரண்டாம் பகுதி. நமக்கு நெருக்கமான பகுதி. வளர்சிதைமாற்றம் என்பது உண்ட உணவு ஆற்றலாகவும் உடலாகவும் மாறும் வினைகளின் தொகுதி. நீரிழிவு, உடற்பருமன், கொழுப்புக் கோளாறு ஆகியவை அதன் நோய்கள். இவற்றுக்கும் ஒரு குருணைக்கட்டிக்கும் என்ன உறவு?

உறவு முதலில் தென்பட்டது சர்க்கரையில் அன்று, சுண்ணாம்புச் சத்தில். 1939இலேயே இந்நோயாளிகளின் குருதியில் கால்சியம் உயர்ந்திருப்பதைக் கண்டு எழுதினார்கள். கோடைகாலத்தில் அது மேலும் உயர்ந்தது. வெயில் பட்டால் தோலில் வைட்டமின் டி உண்டாகிறது. அதை வினைபுரியும் வடிவத்துக்கு மாற்றும் வேலை சிறுநீரகத்துக்கு உரியது. 1981இல் சிறுநீரகங்களே இல்லாத ஒரு சார்காய்டோசிஸ் நோயாளியின் குருதியில் அந்த வடிவம் மிகுந்திருக்கக் கண்டபோது மருத்துவ உலகம் திகைத்தது. இரண்டு ஆண்டுகளில் விடை கிடைத்தது: குருணைக்கட்டியிலுள்ள பெருவிழுங்கிகளே அதைச் செய்கின்றன, சிறுநீரகத்துக்குரிய கட்டுப்பாடு அவற்றுக்கு இல்லை. நம் பெண்களிடையே வைட்டமின் டி குறைவு பரவலாகக் காணப்படுகிறது. மருந்துக்கடையில் மாத்திரை எளிதில் கிடைக்கிறது. இந்நோயுள்ளவரிடம் வழக்கமான சோதனையில் வைட்டமின் டி குறைவாகவே தெரியும். ஏனெனில் இருப்பதெல்லாம் விரைந்து மறுவடிவம் பெற்றுவிடுகிறது. குறைவு என்று நம்பி மாத்திரையைக் கூட்டினால் கால்சியம் ஏறும். சிறுநீரகக் கல்லும், சில வேளை சிறுநீரகச் செயலிழப்பும் வரும். இரு வடிவங்களையும் கால்சியத்தையும் ஒருங்கே பார்த்த பிறகே அம்மாத்திரையை எழுத வேண்டும்.

அடுத்தது உடற்பருமன். அமெரிக்காவில் 1995இல் தொடங்கிய கறுப்பினப் பெண்கள் நல ஆய்வில், பருமனானவர்க்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு கூடுதல் என்று தெரிந்தது. 1989இல் தொடங்கிய செவிலியர் நல ஆய்வின் இரண்டாம் வரிசையிலும், அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையராக இருந்தும், ஒன்றரை மடங்குக்கு மேல். இவ்விரண்டும் நோய் வருமுன்னரே எடை குறித்துவைத்த ஆய்வுகள். ஆதலால், மருந்தால் பருத்தவர்களை எண்ணிவிட்டார்கள் என்று இவற்றைத் தள்ள முடியாது. கொழுப்புத்திசு வெறும் சேமிப்புக் கிடங்கு அன்று. அழற்சியைத் தூண்டும் சுரப்புகளை அது ஓயாமல் வெளியிடுகிறது. அச்சுரப்புகளில் ஒன்று குருணைக்கட்டியைக் கட்டிக் காப்பதிலும் முதன்மையானது. இன்சுலினின் வேலையைக் கெடுப்பதிலும் அதற்குப் பங்குண்டு.

2017இல் வியன்னா ஆய்வாளர்கள் இன்னும் உள்ளே சென்றார்கள். அணுவுக்கு உணவு கிடைக்கிறதா என்பதை அறிந்து வளர்ச்சியை ஏவும் ஒரு புரதம் எல்லா அணுக்களிலும் உண்டு. எம்டோர் என்பது அதன் பெயர். எலிகளின் பெருவிழுங்கிகளில் அதை ஓயாமல் இயங்கும்படி செய்ததுமே, கிருமி ஏதுமின்றிக் குருணைக்கட்டிகள் தோன்றின. அதே புரதத்தை அடக்கும் சிரோலிமஸ் மருந்தைத் தோல் சார்காய்டோசிஸ் உள்ள பத்துப் பேர்க்குக் கொடுத்துப் பார்த்ததில் ஏழு பேர்க்குக் குணம் தெரிந்தது. பத்துப் பேர் என்பது மிகச் சிறிய எண். அதைக் கொண்டு மருந்தை மாற்ற முடியாது. ஆயினும், குருணைக்கட்டியே ஒருவகை வளர்சிதைமாற்றக் கோளாறுதானோ என்ற கேள்வி இப்போது ஆய்வுக்கூடத்தில் நேர்மையாகக் கேட்கப்படுகிறது.

இனிப்பு நீர் என்று நம் வீடுகளில் அழைக்கப்படும் நீரிழிவுக்கு வருவோம். சுவீடனின் பதிவேடுகளையே மீண்டும் புரட்டினார்கள். பொதுமக்களோடு ஒப்பிட, ஸ்டீராய்டு பெறாத சார்காய்டோசிஸ் நோயாளிகளிடமும் இரண்டாம் வகை நீரிழிவு ஏறத்தாழ 40 விழுக்காடு மிகுதி. ஸ்டீராய்டு பெற்றவர்களிடம் இரு மடங்குக்கும் மேல். அதுவும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் மிகுதி. இதைச் சற்று எச்சரிக்கையாகவே படிக்க வேண்டும். நோயுற்றவர் அடிக்கடி மருத்துவரிடம் செல்வார், அடிக்கடி குருதி சோதிக்கப்படும், மறைந்திருந்த நீரிழிவு வெளிப்படும். பருமன் இரண்டுக்கும் பொதுவான வேராகவும் இருக்கலாம். இவற்றையெல்லாம் கழித்தாலும் ஸ்டீராய்டின் பங்கு மிஞ்சும்.

இங்கேதான் நம்மவரின் நிலை சுவீடனாரின் நிலையிலிருந்து வேறுபடுகிறது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டுத் தேசிய நல ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு. இந்தியரிடையே அது சராசரியைவிட மிக அதிகம். நீரிழிவுள்ளவர்க்குக் காசநோய் வரும் வாய்ப்போ ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆக, மருத்துவர் முன் ஒரு தமிழர் இருமலோடு வந்து அமரும்போதே, நீரிழிவு காசநோயை நினைவூட்டுகிறது. காசநோய் சார்காய்டோசிசை மறைக்கிறது. மறைந்தது ஒருநாள் வெளிப்பட்டால் அதற்குரிய மருந்து நீரிழிவை வளர்க்கிறது. மூன்று நோய்களுக்கும் மூன்று தனிக் கிளினிக்குகள், மூன்று தனிக் கோப்புகள்.

அந்த அம்மையாரின் தந்தைக்கு இனிப்பு நீர் இருந்தது; அவர்க்கு அப்போது இல்லை. கண்ணைக் காக்க வேண்டியிருந்ததால் பிரெட்னிசொலோன் தொடங்கினோம். மாதந்தோறும் காலையில் வெறும் வயிற்றோடு வந்து குருதி கொடுத்தார். சர்க்கரை சரியாகவே இருந்தது. மூன்றாம் மாதம் இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுவதாக அவர் சொன்ன பிறகே எங்களுக்கு உறைத்தது. காலையில் விழுங்கும் பிரெட்னிசொலோன் சர்க்கரையை ஏற்றுவது நண்பகலுக்குப் பின்பும் மாலையிலும்தான். விடியுமுன் அது பெரும்பாலும் இறங்கிவிடும். வெறும் வயிற்றுச் சோதனை அந்நோயாளிக்கு ஏற்ற சோதனையன்று. இது பாடநூலில் உள்ள செய்திதான். தெரிந்திருந்தும் வழக்கத்தின்படியே செய்துவிட்டோம். அன்று மாலை எடுத்த அளவு காலை அளவைப்போல் இரு மடங்குக்கு மேல் இருந்தது.

ஸ்டீராய்டை எவ்வளவு கொடுப்பது என்பதற்கும் இப்போது நல்ல விடைகள் வரத் தொடங்கியிருக்கின்றன. 2023இல் சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தார் நுரையீரல் சார்காய்டோசிஸ் உள்ள 86 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 40 மில்லிகிராமும் மறு பிரிவுக்கு 20 மில்லிகிராமுமாகத் தொடங்கிப் பார்த்தனர். நோய் திரும்புவதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. பாதி அளவே போதும் என்ற செய்தி, நம்மையொத்த உடலுடைய மக்களிடமிருந்து வந்திருப்பது குறிப்பிடத்தக்கது. 2025இல் நெதர்லாந்தில் 138 பேரிடம் நடந்த ஆய்வு, ஸ்டீராய்டுக்கு மாற்றாக மெத்தோட்ரெக்சேட்டையே முதல் மருந்தாகக் கொடுத்தாலும் நுரையீரல் பயன்பெறுவதில் அது பின்தங்கவில்லை என்று காட்டியது. பிரெட்னிசோன் பெற்றவர் எடை கூடினர். மெத்தோட்ரெக்சேட் பெற்றவர்க்குக் குமட்டலும் ஈரல் சோதனையில் மாறுபாடும் மிகுதி. எல்லார்க்கும் எது நல்லது என்ற கேள்வியே தவறு. தந்தைக்கு இனிப்பு நீர், தனக்கு இடுப்புப் பருமன் என்று வருபவர்க்கு எது நல்லது என்று கேட்க வேண்டும். கண்ணோ இதயமோ நரம்போ பாதிக்கப்படாமல், மார்புக் கணு மட்டும் வீங்கியிருப்பவர்க்கு மருந்தே கொடாமல் கண்காணிப்பதும் ஒரு மருத்துவமே.

நாம் வேண்டுவது பெரிய செலவுள்ள திட்டம் அன்று. காசநோய் மருந்து முடிந்தும் குணமாகாதவர், கிருமி ஒருமுறையும் காணப்படாதவர் ஆகியோரின் கோப்பை மறுபடி திறந்து பார்க்க வேண்டும். சார்காய்டோசிஸ் என்று உறுதியானவர்களை ஓர் ஏட்டில் எழுதத் தொடங்க வேண்டும். அந்த ஏட்டில் இனத்துக்கு ஒரு கட்டமும் நீரிழிவுக்கு ஒரு கட்டமும் இருக்க வேண்டும். சிங்கப்பூரிலும் இங்கும் மருத்துவர்கள் சேர்ந்தால் ஐந்தாண்டில் மதிப்புள்ள ஒரு கணக்குக் கிடைத்துவிடும்.

அந்த அம்மையார் மெத்தோட்ரெக்சேட்டுக்கு மாறி ஈராண்டு ஆகிறது. பார்வை மீண்டது. இனிப்பு நீர் முற்றிலும் போகவில்லை, மெட்ஃபோர்மின் உண்கிறார். பள்ளிக் குறிப்பேடு ஒன்றில் தேதி, காலை அளவு, மாலை அளவு என்று கோடிட்டு எழுதிக் கொண்டுவருவார். சென்ற முறை வந்தபோது, நோயின் பெயரைத் தமிழில் அதன் அட்டையில் எழுதித் தருமாறு கேட்டார். வீட்டார்க்குக் காட்ட வேண்டுமாம். 'சார்காய்டோசிஸ்' என்று எழுதிக் கொடுத்தோம். அதற்குக் கீழே, 'ஒட்டும் நோய் அன்று' என்றும் எழுதச் சொன்னார். எழுதி, கையொப்பமும் இட்டோம்.